குழாய் ஆட்டத்தை நிறுத்தப் போனவன் பட்ட பாடு

உலகத்தில் மற்றவர்களெல்லாம் எதையாவது ஓட வைத்துப் பிழைக்கிறார்கள். நான் ஆடுவதை நிறுத்திப் பிழைக்கிறேன்.

அருப்புக்கோட்டையில் திருச்சுழி ரோட்டில் எங்கள் ஒர்க்‌ஷாப் இருக்கிறது. நானும் பால்பாண்டியும் கூட்டு. ஐ.டி.ஐ.யில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே பாடத்தில் இரண்டு தடவை தோற்றவர்கள் என்பதால் எங்களுக்குள் ஒளிவுமறைவு கிடையாது. அவன் வெல்டிங் வைப்பான், நான் வாடிக்கைக்காரர்களிடம் பேசுவேன். யார் வேலையில் அதிகம் பொறி பறக்கும் என்பது அன்றைக்கு வருகிற வாடிக்கைக்காரரைப் பொறுத்தது.

சாயப்பட்டறையோ எண்ணெய் ஆலையோ நூல் மில்லோ, எங்கே போனாலும் ஒரு மூலையில் பெரிய இரும்பு உருளை ஒன்று படுத்திருக்கும். சூடாக்கினால் அதற்கு ஹீட்டர் என்று பெயர், ஆறவைத்தால் கூலர். வயிற்றுக்குள் நூற்றுக்கணக்கில் மெல்லிய குழாய்கள். சாயப்பட்டறை ஹீட்டரில் குழாய்க்குள் சாயத் தண்ணீர் ஓடும், குழாய்களைச் சுற்றி நீராவி பாயும். ஆள் உயரத்தைப்போல இரண்டு மடங்கு நீளம் இருக்கிற குழாய்க்கு நடுவில் பிடிமானம் வேண்டாமா? அதற்காக உள்ளே அங்கங்கே வட்டத் தகடுகளை நிறுத்தி, குழாய்க்கு ஒன்றாக ஓட்டை போட்டு, எல்லாவற்றையும் அதன் வழியே கோத்திருப்பார்கள். பிடிமானம் தளர்ந்தால் நீராவி அடிக்கிற அடியில் குழாய் நடுங்கும். நடுங்குகிற குழாயை ஓட்டையின் விளிம்பே அரம் மாதிரி அராவித் தின்றுவிடும். நரிக்குடி பஸ்ஸில் கம்பி எட்டாமல் நடுவில் நின்று வந்தவர்களுக்கு நான் மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை.

மிக்ஸி ரிப்பேர்காரர்களே, மோட்டார் காயில் சுற்றுபவர்களே, சரிசெய்து அனுப்பிய சாமான் அடுத்த வாரமே திரும்பி வந்து வாசலில் நிற்பதைப் பார்த்துப் பின்வாசலைத் தேடியவர்களே! நீங்கள் எல்லோரும் எனக்குச் சொந்தக்காரர்கள். உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

சிவந்த தொட்டி

எங்களுடைய முதல் வாடிக்கைக்காரர் சாயப்பட்டறை அண்ணாச்சி. நாங்கள் கடை திறந்தபோது வேலை கொடுத்தவர் அவர் ஒருவர்தான். மற்ற வாடிக்கைக்காரர்கள் அத்தனை பேரும் அவருக்கு மச்சானோ, சம்பந்தியோ, கடை வாசலில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிற சிநேகிதரோதான். அவர் ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னால் நாங்கள் ஷட்டரை இறக்கிவிட்டு வேறு பிழைப்புப் பார்க்க வேண்டியதுதான்.

தீபாவளிச் சேலைகளுக்கு நூல் சாயம் ஏற்றிக்கொண்டிருந்த நேரத்தில் அவரிடமிருந்து போன் வந்தது. ஹீட்டருக்குப் போன நீராவி ஆறித் தண்ணீராகி பாய்லர் தொட்டிக்குத் திரும்பி வரும். அந்தத் தொட்டி அன்றைக்கு ஆரத்தித் தட்டு மாதிரி சிவந்து கிடந்தது. குழாய் ஓட்டையாகிச் சாயம் வெளியே கசிகிறது என்று அர்த்தம். நாங்கள் மூடியைக் கழற்றி, ஓட்டையான நான்கு குழாய்களின் இரண்டு வாயையும் பிளக் அடித்து அடைத்துவிட்டுக் கிளம்பினோம். "ஏன் ஓட்டையாச்சு?" என்று அண்ணாச்சி கேட்டார். வேறொரு மில்லில் ஆட்கள் காத்திருந்தார்கள். காரணம் கையில் இல்லாதபோது எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு: பக்கத்தில் நிற்கிற ஆளைக் காட்டிவிடுவது. "பாய்லர்காரர் நீராவி வால்வைத் திடுதிப்புன்னு தொறக்குறாரு அண்ணாச்சி, அந்த அடியில குழாய் ஆடுது" என்றேன்.

பாய்லர்காரர் பெயர் மாடசாமி. எம்.ரெட்டியபட்டியிலிருந்து முதல் பஸ்ஸுக்கு வந்துவிடுகிற ஒல்லியான மனிதர். அதற்கு முன்னால் கருவேலங்காட்டில் விறகை எரித்துக் கரியாக்குகிற கரிமூட்டம் போட்டுக்கொண்டிருந்தவர். புகையில் வெந்த கண் இரண்டும் இன்னும் வெளுக்கவில்லை. "இன்னொரு தடவ தொட்டி செவந்துச்சுன்னா நீ வேற எடம் பாத்துக்க" என்று அண்ணாச்சி அவரிடம் சொல்லிவிட்டார். மாடசாமி என் பக்கம் திரும்பிச் சொன்னார்:

"அண்ணே, நான் தொறக்குற சத்தம் எனக்கே கேக்காதுண்ணே. அம்புட்டு மொல்லத்தான் தொறக்குறேன்."

வெளியே கட்டியவர்

காத்திருந்த அந்த மில் குமாரலிங்கபுரம் பக்கம். கம்ப்ரசருக்குப் பக்கத்தில் நிற்கிற கூலர் அதிருகிறது என்று இரண்டு மாதமாகப் புகார். நாங்கள் போய்ப் பார்த்தபோது மேனேஜர் ஏற்கெனவே வைத்தியம் பார்த்து முடித்திருந்தார். உருளையைச் சுற்றி நான்கு கான்கிரீட் தூண். தூணுக்கும் உருளைக்கும் இரும்புப் பட்டை. பட்டை போதாது என்று மாட்டுக்குக் கட்டுகிற நைலான் கயிறு நாலு சுற்று. கூலரை ஜல்லிக்கட்டுக்குக் கொண்டுபோனால்கூட இவ்வளவு பந்தோபஸ்து இருக்காது.

நீளமான ஸ்குரூ டிரைவரின் நுனியை உருளையில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்டேன். எங்களுக்கு ஸ்டெதாஸ்கோப் அதுதான். உள்ளே குழாய்கள் கல்யாண வீட்டுச் சமையல்கட்டு மாதிரி கலகலத்துக்கொண்டிருந்தன. "சார், ஆட்டம் உள்ளதான் இருக்கு, வெளிய கட்டிப் பிரயோசனம் இல்ல. பிரிச்சுக் குழாய்க்கு நடுவுல பட்டை சொருகணும்" என்றேன். அவர் என்னைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போய்க் குரலைத் தாழ்த்தினார்:

"வெளிய ஆடாம இருக்குல்ல, அது போதும் தங்கவேலு. மொதலாளி வெளிய நின்னுதான பாப்பாரு?"

எலுமிச்சம்பழத்தின் சக்தி

நரிக்குடிப் பக்கம் ஒரு எண்ணெய் ஆலை. அங்கே கூலர் மத்தியானமானால் அழுகிறது என்றார்கள். கசிகிறது, சொட்டுகிறது என்றெல்லாம் கேட்டிருக்கிறேன். அழுகிறது என்று கேட்டது அதுதான் முதல் தடவை. போனால் கூலரின் மூக்கில் வேப்பிலைக் கொத்து, எலுமிச்சம்பழம், குங்குமப் பொட்டு. தோள்பையும் நீளக் கம்பியுமாக நான் உள்ளே நுழைந்ததும் வாட்ச்மேன் எழுந்து கும்பிட்டார். "கோடாங்கி சாமி நாளைக்குத்தான வாரேன்னு சொன்னீக?" என்றார். நான் பேயோட்டுகிற கோடாங்கி இல்லை என்று நிரூபிக்க ஸ்பேனர் பெட்டியைத் திறந்து காட்ட வேண்டியதாயிற்று.

விஷயம் இதுதான். வெயில் தாங்காமல் எண்ணெய் சீக்கிரம் ஆறட்டும் என்று முதலாளி பழைய மோட்டாருக்குப் பக்கத்தில் பெரிய தண்ணீர் மோட்டார் ஒன்றை வாங்கி வைத்திருந்தார். உச்சி வெயிலில் மட்டும் அதைப் போடுவார்கள். தண்ணீர் அடித்துக்கொண்டு பாய, குழாய்கள் வளைந்து திரும்புகிற, பிடிமானமில்லாத பக்கத்தில் அவை நடுங்கி ஊளையிட்டன. வளைவில் குழாய்க்கும் குழாய்க்கும் இடையில் தகட்டுப் பட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக இறுக்கிச் செருகினோம். பெரிய மோட்டாரைத் திருப்பி அனுப்பிவிட்டுப் பழையதையே ஓட்டச் சொன்னேன். மத்தியானம் வந்தது, கூலர் வாய் திறக்கவில்லை. வேப்பிலையை எடுக்க எனக்குத் தைரியம் இல்லாததால் அது அங்கேயே இருந்தது. வாட்ச்மேன் அதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்:

"வெறும் எலுமிச்சம்பழத்துக்கே இம்புட்டு சக்தின்னா, நாளைக்குக் கோடாங்கியும் வந்துட்டா என்ன ஆகும்!"

செத்த குழாய் செய்த வேலை

ஒரு மாதம் ஆகியிருக்கும். அண்ணாச்சி பட்டறையில் தொட்டி மறுபடியும் சிவந்துவிட்டது. சொன்ன சொல்லை மாற்றுகிற பழக்கம் அண்ணாச்சிக்குக் கிடையாது. மாடசாமியிடம் நாளையிலிருந்து வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். மாடசாமி ஒன்றே ஒன்று கேட்டாராம்: "ஹீட்டரப் பிரிக்கிற அன்னைக்கி மட்டும் வந்துட்டுப் போறேன் அண்ணாச்சி. உள்ள என்னதான் இருக்குன்னு பாத்துட்டுப் போயிருறேன்."

அப்படித்தான் அவர் தன்னுடைய கடைசி நாளில் எங்களுக்குச் சங்கிலி இழுக்க வந்து நின்றார். குழாய்க்கட்டு மொத்தத்தையும் உருளையிலிருந்து வெளியே இழுத்தோம். போன தடவை பிளக் அடித்த நான்கு குழாய்களில் ஒன்று நடுவில் முறிந்து கிடந்தது. வாயை அடைத்தோமே தவிர அதன் ஆட்டத்தை நாங்கள் நிறுத்தவில்லை. சாயம் ஓடாத குழாய்தானே என்று விட்டுவிட்டோம். அது உள்ளேயே ஆடி, முறிந்து, முறிந்த முனையால் சுற்றியிருந்த ஏழு குழாய்களை அடித்து ஓட்டையாக்கியிருந்தது. அடைத்தபோதே அந்தக் குழாய்க்குள் ஒரு கம்பியைச் செருகிப் பிடித்து வைத்திருக்க வேண்டும். பத்து வருடத் தொழிலில் தெரியாத விஷயமில்லை, அவசரத்தில் செய்யாத விஷயம். மாடசாமி குனிந்து அந்த முறிவைத் தடவிப் பார்த்தார்:

"செத்தவன் சும்மா கெடப்பான்னு விட்டுட்டோம். அவன் பக்கத்து வீட்டுக்காரன் ஏழு பேரையும்ல கூட்டிக்கிட்டுப் போயிருக்கான்!"

அரை நூல்

அது இரண்டாவது கசிவுக்குக் காரணம். முதல் நான்கு குழாய்கள் ஏன் போயின? தகட்டை ஒட்டிப் பார்த்தேன். எல்லாக் குழாயிலும் தகடு தொடுகிற இடத்தில் மோதிரம் போட்டது போலத் தேய்மானம். ஒரு குழாயைப் பிடித்து அசைத்தேன், ஓட்டைக்குள் தாராளமாக ஆடியது. அளவெடுத்தேன். ஓட்டை இருக்கவேண்டியதைவிட அரை நூல் பெரிது. எங்கள் கணக்கில் அங்குலத்தில் எட்டில் ஒன்று ஒரு நூல்; ஒரு ரூபாய்க் காசின் கனம்தான் அரை நூல். ஆனால் இந்த வேலையில் அது ஒரு வாசற்படி அகலத்துக்குச் சமம்.

அப்போது மாடசாமி பஞ்சுக்கழிவால் தகட்டின் ஓரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். "அண்ணே, இதுல இங்கிலீசுல என்னமோ அடிச்சிருக்குண்ணே" என்றார். நானும் பால்பாண்டியும் எட்டிப் பார்த்தோம். டி, பி. தங்கவேலு, பால்பாண்டி. கடை திறந்த புதிதில் பெருமையாக நாங்களே அடித்துக்கொண்ட முத்திரை.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் இதே ஹீட்டருக்குத் தகடும் குழாயும் மாற்றியது நாங்கள்தான் என்பதை நானே மறந்திருந்தேன். அன்றைக்கு எட்டுத் தகடுகளையும் தனித்தனியாக ஓட்டை போட்டோம். வரிசையாக நிறுத்திக் குழாயைச் செருகினால் நாலாவது தகட்டில் போய் முட்டிக்கொண்டது. சுத்தியலால் தட்டினோம், மசகு தடவினோம், திட்டினோம். கடைசியில் எல்லா ஓட்டையையும் அரை நூல் பெரிதாக்கிவிட்டோம். குழாய் அத்தனையும் கையாலேயே வழுக்கிக்கொண்டு போனது. எவ்வளவு லேசாகப் போகிறது பாருங்கள் என்று அண்ணாச்சியைக் கூப்பிட்டுக் காட்டினோம். அவரும் மெச்சினார். லேசாகப் போனது லேசாக ஆடவும் செய்யும் என்பது அன்றைக்கு எங்கள் மூன்று பேர் மண்டைக்கும் எட்டவில்லை.

மாடசாமி தண்ணீர் குடிக்கப் போனதும் பால்பாண்டி என் காதுக்குப் பக்கத்தில் வந்தான்:

"ஏலே, அண்ணாச்சிக்கும் இது ஞாபகமில்ல, இங்கிலீசும் தெரியாது. தகடு தேஞ்சுபோச்சுன்னு சொல்லிப் புதுசு மாட்டிட்டு வாய மூடிக்கிட்டுப் போயிருவோம்லே."

மாடசாமியின் கேள்வி

உண்மையைச் சொல்கிறேன், அவன் சொன்னது எனக்கு நல்ல யோசனையாகத்தான் பட்டது. அண்ணாச்சி கைவிட்டால் அவருடைய மச்சான், சம்பந்தி, பேப்பர் சிநேகிதர் எல்லோரும் போவார்கள். இரண்டு வீட்டு அடுப்பு இந்த ஒர்க்‌ஷாப்பை நம்பித்தான் எரிகிறது. மாடசாமிக்காக அண்ணாச்சியிடம் வேறு மாதிரி பேசிப் பார்க்கலாம், பாவம், வயதானவர், இன்னொரு வாய்ப்புக் கொடுங்கள் என்று இழுத்துச் சொல்லலாம் என்றெல்லாம் மனதுக்குள் வசனம் எழுதிக்கொண்டிருந்தேன்.

மாடசாமி ஒரு சொம்பில் எனக்கும் தண்ணீர் கொண்டுவந்தார். நான் குடித்து முடிக்கிறவரை நின்றார். பிறகு, குற்றம் சாட்டுகிற தொனி கொஞ்சமும் இல்லாத குரலில் கேட்டார். அதுதான் என்னைக் கொன்றுவிட்டது:

"அண்ணே, வால்வுனாலதான் போச்சுன்னு உள்ள தெரியுதாண்ணே? அப்பிடித் தெரிஞ்சா சொல்லிருங்க. தப்புப் பண்ணிட்டுத்தான் போறேன்னு தெரிஞ்சா மனசு ஆறிப்போயிரும், கரிமூட்டத்துக்குப் போனாலும் பேசாம வேலையப் பாப்பேன்."

அண்ணாச்சியின் கணக்கு

சொம்பைக் கீழே வைத்துவிட்டு நேராக அண்ணாச்சி அறைக்குப் போனேன். பால்பாண்டி பின்னாலேயே வந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தான்; பிறகு என்ன நினைத்தானோ, விட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டான். "அண்ணாச்சி, மாடசாமி வால்வுல தப்பே இல்ல. பாக்காம சொல்லிட்டேன். தகட்டுல ஓட்டை பெருசு. போட்டது நாங்கதான்" என்றேன். அரை நூலையும் சொன்னேன், முத்திரையையும் சொன்னேன், பிளக் அடித்த குழாய்க்குள் கம்பி வைக்காததையும் சொன்னேன். சொல்லத் தொடங்கினால் நிறுத்த முடியவில்லை, ஐ.டி.ஐ.யில் தோற்றதைக்கூடச் சொல்லியிருப்பேன். புதுத் தகடு, புதுக் குழாய் எல்லாம் எங்கள் பொறுப்பு, மூன்று நாளில் முடித்துவிட்டு நாங்கள் ஒதுங்கிக்கொள்கிறோம், அப்புறம் நீங்கள் யாரை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள் என்று முடித்தேன்.

அண்ணாச்சி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். அந்தக் கண்ணாடி அவ்வளவு சுத்தமாக அதற்கு முன்னும் பின்னும் இருந்திருக்காது. பிறகு வாசலுக்கு வந்து, "ஏப்பா மாடசாமி, நாளைக்கி மொத பஸ்ஸுல வழக்கம்போல வந்துரு" என்று சத்தம் கொடுத்தார். அண்ணாச்சி மன்னிப்புக் கேட்டால் இப்படித்தான் இருக்கும். மாடசாமி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்து எனக்கும் கண் கலங்கிவிட்டது. அடுத்து அண்ணாச்சி எங்கள் பக்கம் திரும்பினார்:

"என்னது, ஒதுங்கிக்கிறியா? ஒன் தப்பு அரை நூலுன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. புதுசா வாரவன் தப்பு எத்தன நூலுன்னு நான் எங்கிட்டுப் போயித் தேடுறது? நீயே பாரு."

வால்வு திறப்பு விழா

இந்தத் தடவை எட்டுத் தகடுகளையும் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி இறுக்கிக் கட்டி, ஒரே மூச்சில் ஓட்டை போட்டோம். அப்போதுதான் எல்லாத் தகட்டிலும் ஓட்டை நேருக்கு நேர் வரும், பெரிதாக்கவேண்டிய அவசியமும் இருக்காது. குழாய் ஒவ்வொன்றையும் புது மாப்பிள்ளையைப் பந்தியில் உட்கார வைப்பது போலக் கெஞ்சித்தான் உள்ளே அனுப்பவேண்டியிருந்தது. நீராவி நேராக வந்து அடிக்கிற வாயில், குழாய்களுக்கு முன்னால் ஒரு கவசத் தகடு வைத்தோம். தகட்டுக்கும் தகட்டுக்கும் நடுவில் பட்டைகளும் செருகினோம். பால்பாண்டி ஓரத்தில் டி.பி. என்று மறுபடியும் முத்திரை அடித்தான். வேண்டாமே என்றேன். "அடுத்த தடவையும் யாரு மாட்டணும்னு தெரிய வேணாமாலே?" என்றான்.

மூன்றாம் நாள் மாலை ஓட்டிப் பார்த்தோம். மாடசாமி வால்வில் கையை வைத்தார். அண்ணாச்சி தொட்டிப் பக்கத்தில் நின்றார். நான் ஸ்குரூ டிரைவரைக் காதில் வைத்துக்கொண்டு, "மாடசாமி, அன்னைக்கி ஒங்க மேல பழியப் போட்டுட்டேன், மனசுல வச்சுக்கிறாதீக" என்றேன். அவர் வால்வை ஒரு மயிரிழை திருப்பினார். நின்றார். இன்னொரு மயிரிழை. நீராவி உள்ளே போகிற சீறல் மட்டும்தான் கேட்டது, கலகலப்பு இல்லை. முழு வேகத்துக்கு வந்தபிறகும் இல்லை. தொட்டியில் தண்ணீர் தண்ணீராகவே விழுந்தது. ஸ்குரூ டிரைவரை மாடசாமியிடம் கொடுத்தேன். அவர் வெகு நேரம் கேட்டார். பிறகு முதல் தடவையாக என்னைப் பார்த்துச் சிரித்தார்:

"நீங்க சொல்லிட்டுப் போன நாள்லருந்து இந்த வால்வ முல்லைப்பூப் பறிக்கிற மாதிரி தொறந்துக்கிட்டு இருக்கேண்ணே. இனிமே மனுசன் மாதிரி தொறக்கலாம்ல?"

இத்தனை வருடத்தில் எத்தனையோ ஆயிரம் குழாய்களை ஆடாமல் பிடித்து நிறுத்தியிருக்கிறேன். அன்று அண்ணாச்சி முன்னால் ஆடிய என் இரண்டு கால்களுக்கு மட்டும் அளவான தகடு கிடைக்கவில்லை.